கல்வெட்டின் பதினோராம் பக்கம்

அந்தச் சனிக்கிழமை காலை என் மனைவி பிரியா பின்வளவில் உடுப்புக் காயப்போடும் கயிற்றைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தாள். கயிற்றின் இரண்டு முனைகளையும் நான்தான் கட்டியிருந்தேன். முதல் நாள் அடித்த காற்றில் தேசிமரத்துப் பக்கம் அவிழ்ந்து துவாய்கள் எல்லாம் புல்லில் கிடந்தன. நான் குசினி வாசலில் தேநீர்க் கோப்பையோடு நின்றேன்.

"விடும், நான் வந்து கட்டுறன்."

"நீங்கள் கட்டினதுதான் இப்ப புல்லில கிடக்குது. ஆறமுதல் தேத்தண்ணியைக் குடியுங்கோ."

மரத்தில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு வளையம் போட்டு, நுனியை அதற்குள் விட்டு, முழங்காலை மரத்தில் ஊன்றி இழுத்தாள். குப்பைப் பை, மரக்கறிப் பெட்டி, என் பழைய புத்தகக் கட்டு எல்லாவற்றையும் அவள் அப்படித்தான் கட்டுவாள். எவ்வளவு பாரம் தொங்கினாலும் அந்த முடிச்சு இளகாது. நுனியைப் பிடித்து ஒரு இழுவை இழுத்தால் முழுவதும் கழன்றுவிடும். யாரிடம் பழகினாள் என்று பதின்மூன்று வருடத்தில் ஒருமுறையும் நான் கேட்டதில்லை.

"கராஜ் பக்கத்தைப் பின்னேரம் வந்து கட்டுறன். நீங்கள் தொடாதேங்கோ. போட்டு வாறன்" என்று காரை எடுத்துக்கொண்டு மேய்ஸ் ஹில் கோயிலுக்குப் போனாள். சனிக்கிழமைகளில் அங்கே சமையலுக்கு மரக்கறி வெட்டிக் கொடுப்பாள்.

பதினொன்றரை மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. ஒரு ஆணின் குரல், மூச்சு வாங்க, "அண்ணை, தர்சினி விழுந்திட்டா, கெதியா வாங்கோ" என்றது.

"பிழையான நம்பர், தம்பி" என்று வைத்துவிட்டேன். எனக்குத் தர்சினி என்று ஒருவரையும் தெரியாது. மனைவியின் முழுப்பெயர் பிரியதர்சினி. கலியாணம் முடித்த நாளிலிருந்து எனக்கு அவள் பிரியா, சிட்னியில் எல்லோருக்கும் பிரியா. இரண்டாம் முறை அடித்தபோதுதான் அந்தக் குரல், "கோயில்லயிருந்து கதைக்கிறன் அண்ணை, உங்கட மிஸ்ஸிஸ்" என்றது.

தலைக்குள் இரத்தக்குழாய் வெடித்திருந்தது. இரண்டு நாள் இயந்திரத்தில் வைத்திருந்துவிட்டு, திங்கட்கிழமை நிறுத்தினார்கள். அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. நான் அந்த அழைப்பை வைத்த ஆறு நிமிடங்கள் எதையும் மாற்றியிராது என்று டாக்டர் சொன்னார். நம்புகிறேன். ஆனால் என் மனைவியின் பெயரை இன்னொரு ஆண் சொல்லி எனக்கு அவளை அடையாளம் தெரியாமல் போனது. அதற்கு டாக்டரிடம் ஒரு பதிலும் இருக்க முடியாது.

செத்தவீட்டில்தான் அந்தக் குரலுக்குரிய ஆளைப் பார்த்தேன். மண்டபத்தின் கடைசி வரிசையில் நின்றான். நெட்டையான ஆள். யாரிடமோ இரவல் வாங்கிய கறுப்புக் காற்சட்டை கணுக்காலுக்கு மேலே நின்றது. வாயைத் துவாயால் பொத்திக்கொண்டு சத்தம் வைத்து அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. மெல்பேர்னிலிருந்து வந்திருந்த பிரியாவின் தங்கை நிரூபா என் காதுக்குள் கேட்டாள்.

"அத்தான், ஆர் அந்த நெட்டையர்? உங்களைவிடக் கூட அழுகிறார்."

"தெரியாது."

"பாத்துக்கொண்டிருங்கோ, கொள்ளியையும் அவர் கேக்கப் போறார்."

அந்த நேரத்திலும் பகிடி விடக்கூடியவள் அவள் ஒருத்திதான். ஆனால் நான் சிரிக்கவில்லை. அவன் உயரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைப் பின்னேரங்களில் எங்கள் காரின் இடப்பக்க முன் இருக்கை எப்போதும் கடைசிவரை பின்னால் தள்ளப்பட்டிருக்கும். மரக்கறிப் பெட்டி வைக்கத் தள்ளியிருப்பாள் என்று ஏழு வருடமாக நினைத்திருந்தேன். அன்று அந்த மண்டபத்தில், பெட்டிக்கு அவ்வளவு இடம் தேவையில்லை என்பது விளங்கியது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று அவன் வீட்டுக்கு வந்தான். பெயர் சிவசோதி. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் படகில் வந்தவன். இன்னும் முடிவு வராமல் தற்காலிக பிரிட்ஜிங் விசாவில் இருக்கிறான், தரைக்குக் கல் பதிக்கும் வேலை, மெரிலேண்ட்ஸில் நாலுபேரோடு வீடு. இவ்வளவையும் நிரூபா கதிரையைப் போட்டு முன்னால் இருந்து பத்து நிமிடத்தில் கறந்துவிட்டாள். போகும்போது என்னை வெளியே கூப்பிட்டு, பொலித்தீனில் சுற்றிய ஒரு படத்தைத் தந்தான்.

"கல்வெட்டுக்குப் படம் தேடுறீங்கள் எண்டு கேள்விப்பட்டன் அண்ணை. இதைப் போடுங்கோ. அவவின்ர இவ்வளவு வடிவான படம் ஒண்டும் இராது. என்னை மட்டும் வெட்டிப்போட்டுப் போடுங்கோ."

படத்தில் தகரக்கூரை போட்ட ஒரு பள்ளிக்கூடம். அதன் முன்னால் இரண்டு மூங்கில் தடிகள், நடுவில் இழுத்துக் கட்டிய ஒரு கொடி. வலப்பக்கத் தடியைப் பிடித்துக்கொண்டு மெலிந்த, இளம் சிவசோதி. இடப்பக்கத் தடியைப் பிடித்துக்கொண்டு பிரியா. இருபத்தைந்து வயது இருக்கும், படத்தின் பின்னால் 2007 என்று எழுதியிருந்தது. வாயை முழுவதும் திறந்து, முன்பற்கள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பது தெரிய, அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பற்களுக்காக அவள் வெட்கப்படுவாள். எங்கள் கலியாண ஆல்பம் முழுவதிலும் உதட்டை மூடிக்கொண்டுதான் நிற்கிறாள். வீட்டில் சிரித்தாலும் கை வாய்க்குப் போகும். அது அவள் சுபாவம் என்று நான் நினைத்திருந்தேன்.

"இது என்ன கொடி?" என்று கேட்டேன்.

சிவசோதி உள்ளே இருந்த சனத்தைப் பார்த்தான். "பிறகு சொல்லுறன் அண்ணை" என்றான். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

எங்கள் வழக்கத்தில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்கு, இறந்தவரின் வாழ்க்கை வரலாறும் படங்களும் தேவாரங்களும் சேர்த்து அச்சடித்த ஒரு சிறு புத்தகம் கொடுப்போம். அதற்குத்தான் கல்வெட்டு என்று பெயர். பிரியாவின் வரலாற்றை நானே எழுதத் தொடங்கியிருந்தேன். பிறப்பு, படித்த பாடசாலை, அதற்குப் பிறகு 2011இல் கோபாலகிருஷ்ணனாகிய என்னோடு திருமணம். நடுவில் பத்து வருடத்துக்கு என்னிடம் ஒரு வரிதான் இருந்தது: 'முன்பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றினார்.' அந்தப் பத்து வருடத்தை அவன் பொலித்தீனில் சுற்றி வைத்திருந்தான்.

அவனுக்கு ஒரு அழைப்பு எடுத்துக் கேட்டிருக்கலாம். எண் என் தொலைபேசியிலேயே இருந்தது. கேட்கவில்லை. என் மனைவியை அவன் வாயால் தெரிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. பெயரில் பாதி என்னிடம் இருந்தது, மறுபாதி அவனிடம். மிச்சத்தையும் அவனே தரவேண்டுமா?

நான் கவுன்சில் நூலகத்தில் வேலை செய்கிறவன். தேடிக் கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம். கொடிகளைப் பற்றி எங்களிடம் இரண்டு பெரிய புத்தகங்கள் இருந்தன. நாடுகள், கடற்படைகள், இல்லாமல் போன அரசுகள் எல்லாம் இருந்தன. மேலே பச்சை, கீழே மஞ்சள், நடுவில் கறுப்பில் கூரான தலையும் நீண்ட தண்டும் கொண்ட ஏதோவொன்று. அப்படி ஒன்று இரண்டிலும் இல்லை. படத்தை ஸ்கேன் செய்து பெருப்பித்தேன். பெருப்பிக்கப் பெருப்பிக்கக் கொடி மங்கியது. அவள் சிரிப்பு மட்டும் மங்கவில்லை.

கிரவீனில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி விக்னராஜா அங்கிள் இருக்கிறார். எண்பத்துமூன்றாம் ஆண்டு வந்தவர். இங்கே எந்த நிகழ்ச்சி என்றாலும் எந்தக் கொடி, எந்த வரிசை என்று அவரைத்தான் கேட்பார்கள். படையணிக் கொடிகளுக்கென்றே ஒரு ஆல்பம் வைத்திருக்கிறார். படத்தை வாங்கி ஜன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பூதக்கண்ணாடியால் பார்த்தார்.

"இயக்கக் கொடி இல்லை. படையணிக் கொடியும் இல்லை, அதெல்லாம் என்னட்டக் கிடக்கு. இது ஊர்ச்சனத்துக்குப் பயிற்சி குடுத்து வைச்சிருந்த ஊர்ப்படையாக்கும். ஊரூருக்குத் தங்கட பாட்டில தைச்சிருப்பினம். நடுவில உது என்னெண்டு நினைக்கிறீர்?"

"விளக்கோ அங்கிள்?"

"உமக்கு லைப்ரரிப் புத்தி. உது ஆர்பிஜி, ரொக்கெட் அடிக்கிற சாமான். மேல கூர்த் தலை, கீழ குழாய், அடியில பிடி. வடிவாப் பாரும்."

"அப்ப ஆயுதம் தூக்கினவையோ?"

"ஆர்பிஜியைக் கொடியில கீறினவங்கள் மம்பட்டியே தூக்கியிருப்பாங்கள்?" என்று சிரித்தார். பிறகு கண்ணாடியை வலப்பக்கம் நகர்த்தினார். "இந்த நெட்டையன் ஆர்?"

"தெரியாது" என்றேன்.

"படகில வந்தவனெண்டால் கவனம். நீர் கல்வெட்டு அடிச்ச அண்டைக்கே ஆராவது பேஸ்புக்கில ஏத்திப்போடுவான். இன்னொருத்தன் அதை எடுத்து இமிக்கிரேசனுக்கு அனுப்புவான். எங்கட சனத்தில அதுக்கெண்டே ஆக்கள் இருக்கு. எந்தப் படையிலையும் இருக்கேல்லை எண்டுதானே எல்லாரும் எழுதிக் குடுத்தவை? அதோட பெடியன்ர கேஸ் முடிஞ்சுது."

திரும்பி நடந்து வரும்போது என் உடம்பு இலேசாக இருந்தது. மனைவி போய் மூன்று கிழமையாகாத ஒருவனுக்கு அப்படி இருக்கக் கூடாது. இருந்தது.

கல்வெட்டை வடிவமைத்தது மோனிகா என்ற தமிழ்நாட்டுப் பெண். மெரிலேண்ட்ஸில் சின்ன அச்சுக்கடை வைத்திருக்கிறார். முதல்நாள், "கல்வெட்டுன்னதும் கல்லுல வெட்டணுமோன்னு பயந்துட்டேன் சார்" என்று சொல்லிச் சிரித்தவர். வியாழக்கிழமை காலை அச்சுக்குப் போகவேண்டும். திங்கட்கிழமை என்னிடம் கேட்டார்:

"பதினோராம் பக்கத்துப் போட்டோ சார், ரெண்டு பேரும் இருக்கட்டுமா? இல்ல மேடம் மட்டுமா?"

"அப்படியே போடுங்கோ" என்றேன்.

படத்துக்குக் கீழே வரும் வரியையும் நானே எழுதிக் கொடுத்தேன்: 'பிரியதர்சினி, ஊர்ப்படைக் கொடியுடன், 2007. வலப்பக்கம்: திரு. சிவசோதி.' ஒரு படத்தில் இருப்பவர் யார், பின்னால் இருப்பது என்ன என்று குறித்து வைப்பது நூலகத்தில் இருக்கிறவனின் கடமை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் பெயரில் எழுத்துப்பிழை வந்துவிடக் கூடாதென்று இரண்டு தடவை சரி பார்த்தேன்.

புதன்கிழமை பின்னேரம் படத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அது ஒரு சாட்டு. அச்சாகுமுன் அவன் முகத்தை ஒருமுறை பார்க்கவேண்டும் போலிருந்தது. அவளை விரும்பினேன் என்று அவன் சொன்னால் எனக்கு எல்லாம் சுலபமாகிவிடும்.

அவன் வேலையால் வந்து, யூட் என்கிற தன் சின்னப் பாரவண்டியின் மேல் ஏணியைக் கட்டிக்கொண்டிருந்தான். இரண்டு சுற்று, ஒரு வளையம், நுனி உள்ளே, முழங்காலை ஊன்றி இழுவை. நான் தெருவிலேயே நின்றுவிட்டேன்.

"வாங்கோ அண்ணை. ஏன் அங்க நிக்கிறீங்கள்?"

"உந்த முடிச்சு ஆர் பழக்கினது?"

"தர்சினிதான். நான் கட்டினா எல்லாம் அவிழும் எண்டு பேச்சு வாங்கித்தான் பழகினனான்."

அந்தப் பேச்சை நானும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அவனுக்குப் பழக்கியிருக்கிறாள். என்னைத் தேத்தண்ணி குடிக்கச் சொல்லிவிட்டாள்.

குசினி மேசையில் இருந்த சாமான்களை ஒதுக்கி இடம் பண்ணி, தேத்தண்ணி ஊற்றித் தந்தான். நான் படத்தை அவன் முன்னால் வைத்தேன்.

"இண்டைக்காவது சொல்லும். இது என்ன கொடி? ஆர்பிஜி போட்ட படை எண்டு விக்னராஜா அங்கிள் சொல்லுறார்."

அவன் ஒரு கணம் என்னைப் பார்த்தான். பிறகு தோள் குலுங்கச் சிரிக்கத் தொடங்கினான். "ஆர்பிஜியோ? ஐயோ, இதைக் கேக்க அவா இல்லையே!" என்றான். சிரித்தபடியே படத்தை மேசையில் வைத்துத் தலைகீழாகத் திருப்பி என் பக்கம் தள்ளினான். "இப்பப் பாருங்கோ."

மஞ்சள் மேலே வந்தது, பச்சை கீழே போனது. பள்ளிக்கூடமும் அவர்கள் இருவரும் தலைகீழாகத் தொங்க, கொடி மட்டும் நேராக நின்றது. நடுவில் இருந்தது மண் தோண்டும் ஒரு சவள். பச்சைப் புல்லில் தகடு குத்தி நிற்க, பிடி மேலே இருந்தது. நூலகத்தில் நான் தினமும் எத்தனையோ படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவன். இதைத் திருப்பிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு தடவையும் கண் அவள் முகத்துக்குத்தான் போனது.

"பங்கர் வெட்டுற சவள் அண்ணை. ஊர்த் தொண்டர் படை எண்டு பேர். வீட்டுக்கு ஒரு ஆள் வரத்தான் வேணும். காலமை தடியைத் தோளில வைச்சுப் பயிற்சி. பிறகு பங்கர் வெட்டுறது, காயப்பட்ட சனத்தைத் தூக்குறது. கொடி ஏத்துற அண்டைக்குப் பெரியாக்கள் வருகினம் எண்டு என்னைக் கட்டச் சொன்னவை. நான் அவதியில மாறிக் கட்டிப்போட்டன். படம் எடுக்கிறவர் கமராவைத் தூக்கேக்கதான் தர்சினி கண்டவா. 'டேய் விசரா, சவள் வானத்தைக் கிண்டுதடா' எண்டா. அந்தச் சிரிப்புத்தான் இது."

பதின்மூன்று வருடத்தில் அவள் என்னை ஒருமுறையும் விசரா என்று சொன்னதில்லை. 'நீங்கள்' என்றுதான் கடைசிவரை.

"கொடியை ஆர் தைச்சது?"

"அவாதான். அவவின்ர மஞ்சள் சீலை. கலியாணத்துக்கெண்டு அம்மா வைச்சிருந்ததாம். அடுத்த வருசம் சண்டை இறுக, அந்தக் கொடியையே கழட்டி ஸ்ரெச்சருக்கு எடுத்தனாங்கள். இதே ரெண்டு தடி, இதே சீலை. பாரத்துக்கு இளகக் கூடாது, இறக்கினவுடன கழட்டவும் வேணும். அதுக்குத்தான் அந்த முடிச்சு. அவா முன்னுக்கு, நான் பின்னுக்கு. எட்டு மாசம். எட்டு மாசமும் அவவின்ர முதுகைத்தான் பாத்தனான் அண்ணை."

கேட்டுவிட்டேன். "நீர் அவவை விரும்பினீரோ?"

அவன் கோபப்படவில்லை. கையை விரித்து உள்ளங்கையைப் பார்த்தான். "அப்பிடி ஒண்டும் இல்லை அண்ணை. எனக்குப் பொம்பிளை பாத்துத் தந்ததே அவாதான். என்ர மனுசி அவவின்ர கூட்டாளி. ஆனா அவா கால் மாத்தினா எனக்கு இங்க தெரியும். எப்ப களைக்கிறா, எப்ப அழுகிறா, எல்லாம் தடியில தெரியும். திரும்பிப் பாக்க மாட்டா. பாக்கத் தேவையில்லை."

காதல் என்று சொல்லியிருந்தால் எனக்கு அதைவிடச் சுகமாக இருந்திருக்கும். பதின்மூன்று வருடம் ஒரே கட்டிலில் பக்கத்தில் படுத்தவன் நான். அவள் எப்போது அழுதாள் என்று எனக்குத் தெரியாது.

"ஏன் எனக்கு ஒண்டும் சொல்லேல்லை? காருக்குள்ள இருந்து என்ன செய்தனீங்கள் இவ்வளவு வருசமும்?"

"என்ர கேஸ் பேப்பருகள் அண்ணை. இங்கிலிசில எழுதித் தாறது, வாற கடிதத்தை வாசிச்சுச் சொல்லுறது. அண்டைக்கும் அதுதான். கோயிலடியில, காருக்குள்ள, பேனையைக் கையில வைச்சுக்கொண்டு சரிஞ்சவா." படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சொன்னான்: "உங்களுக்கு அந்தக் காலத்துக் கதை பிடிக்காது எண்டவா. இந்தப் படத்தை என்ர மனுசி போன வருசம் ஊரில இருந்து ஒரு ஆளிட்டக் குடுத்துவிட்டது. தர்சினிக்குக் காட்டினனான். கனநேரம் பாத்துக்கொண்டிருந்தவா. பிறகு 'நீயே வைச்சிரு, இதை நான் வீட்டை கொண்டுபோக ஏலாது' எண்டு தந்திட்டா."

கலியாணம் முடித்த முதல் கிழமை, அவள் ஏதோ சொல்லத் தொடங்கியபோது, "அதெல்லாம் முடிஞ்சுது, இனி இங்க அந்தக் கதை வேண்டாம்" என்று சொன்னது நான்தான். அன்பாகத்தான் சொன்னேன். படகில் வருகிறவர்களைப் பற்றி, "கதை கட்டிக்கொண்டு வாறாங்கள்" என்று சாப்பாட்டு மேசையில் சொன்னதும் நான்தான். அதில் அன்பு இல்லை.

"கேஸ் எந்த அளவில?"

"அடுத்த மாசம் திரும்பக் கூப்பிட்டிருக்கு. எந்தப் படையிலையும் இருக்கேல்லை எண்டு குடுத்தது. சவள் எண்டு நான் சொல்லலாம், அவங்கள் படை எண்ட சொல்லைத்தான் பிடிப்பாங்கள். மகளுக்கு எட்டு மாசத்தில வெளிக்கிட்டனான். இப்ப பன்னிரண்டு வயசு. போனில 'டாடி' எண்டு கூப்பிடும், நான் ஆரெண்டு அதுக்குத் தெரியுமோ தெரியாது." பிறகு சாதாரணமாக, தேத்தண்ணிக்குச் சீனி எத்தனை கரண்டி என்று கேட்பதுபோலக் கேட்டான்: "அதாலதான் வெட்டச் சொன்னனான். வெட்டிப்போட்டீங்கள்தானே அண்ணை?"

"ஓம்" என்றேன்.

சுவர்க் கடிகாரத்தில் நாலேமுக்கால். தேத்தண்ணியைக் குடிக்காமல் எழுந்தேன். மோனிகாவின் கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. என் வயதில் ஓடக்கூடாத ஓட்டம் ஓடினேன். அவர் கதவைப் பூட்டத் திறப்பை எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், இப்படி மூச்சு வாங்குது? உட்காருங்க."

"பதினோராம் பக்கம். அடிச்சாச்சோ?"

"இல்ல சார், நாளைக்குக் காலைல தான். ஏன்?"

"வலப்பக்கத்தில நிக்கிறவரை வெட்டவேணும். கீழ இருக்கிற வரியையும் எடுங்கோ. முழுக்க."

மறுபடி கணினியைப் போட்டார். நான் பக்கத்தில் கதிரையை இழுத்து இருந்தேன். திரையில் ஒரு கோடு வலப்பக்கத்திலிருந்து உள்ளே நகர்ந்தது. அவன் தோள் போனது. முகம் போனது. தடி போனது.

"பாவம் சார், நல்லா சிரிச்சுட்டு நிக்கிறாரு. கொடியும் பாதியா போயிடுதே."

"போகட்டும். இன்னும் கொஞ்சம்."

"இதுக்கு மேல வந்தா மேடம் கை போயிடும்."

"சரி, நிப்பாட்டுங்கோ."

அவனைக் காப்பாற்றத்தான் அதைச் செய்தேன். அவன் மகளுக்காக, பிரியா பேனையைக் கையில் பிடித்தபடி விழுந்ததற்காகச் செய்தேன். அது பொய்யில்லை. ஆனால் அந்தக் கோடு அவனை அவளிடமிருந்து துண்டு துண்டாக எடுத்துப் போனபோது எனக்கு இனித்தது. அதுவும் பொய்யில்லை. இரண்டையும் ஒரே வெட்டில் செய்தேன். அவனுக்கு நன்மை செய்ய வேறு வழி இருந்திருந்தால் செய்திருப்பேனா என்று என்னால் சொல்ல முடியாது.

அந்தியேட்டியன்று எல்லோர் கையிலும் கல்வெட்டு இருந்தது. பதினோராம் பக்கத்தில் பிரியா தனியாக ஒரு தடியைப் பிடித்துக்கொண்டு, பச்சையும் மஞ்சளுமாய் ஏதோ ஒரு துணிக்குப் பக்கத்தில், பக்கத்தின் ஓரத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். சவளில் பாதிக்கு மேல் போயிருந்தது. யாருக்கும் அது என்ன கொடி என்று கேட்கத் தோன்றவில்லை. விக்னராஜா அங்கிள் மட்டும் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், நல்ல வேலை செய்தீர் என்பதுபோல.

கோயிலில் அவளோடு மரக்கறி வெட்டும் இராஜேஸ்வரி அன்ரி புத்தகத்தை விரித்தபடி என்னிடம் வந்தார்.

"இந்தப் பிள்ளை இப்பிடிச் சிரிச்சு நான் ஒரு நாளும் காணேல்லை. ஆரைப் பாத்துச் சிரிக்கிறா? உங்களைப் பாத்துத்தான் என்ன தம்பி?"

பக்கத்தில் சிவசோதி சாப்பாட்டுப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தான். படம் எடுத்த வருடம் நான் இந்த நாட்டில் இருந்தேன். அவள் என்று ஒருத்தி இருப்பதே எனக்குத் தெரியாது.

"ஓம் அன்ரி" என்றேன்.

சிவசோதி நிமிர்ந்து பார்த்தான். கேட்டுவிட்டான் என்று தெரிந்தது. "வடிவான படம் என்ன அன்ரி?" என்று மட்டும் சொல்லிவிட்டு, பெட்டியில் கட்டியிருந்த கயிற்றின் நுனியைப் பிடித்து ஒரு இழுவை இழுத்தான். முழுவதும் கழன்றது.

அதற்குப் பிறகு ஒரு வருடமும் சில நாட்களும் போய்விட்டன. சிவசோதிக்கு இன்னும் பதில் வரவில்லை. வரும் கடிதங்களை இப்போது நான் வாசித்துச் சொல்கிறேன். சனிக்கிழமைகளில், அதே காருக்குள். இருக்கையை அவன் பின்னால் தள்ளிக்கொள்வான், போகும்போது நான் முன்னால் இழுத்துவிடுவேன். நாங்கள் அவளைப் பற்றி அதிகம் கதைப்பதில்லை. எப்போதாவது அவன் 'தர்சினி' என்று தொடங்கினால் நான் இன்றும் கடிதத்தின் அடுத்த வரிக்குப் போய்விடுவேன். அந்த முடிச்சைப் பழக்கட்டோ என்று ஒருமுறை கேட்டான். வேண்டாம் என்றேன்.

உடுப்புக் காயப்போடும் கயிற்றில் கராஜ் பக்கத்து முனையை இதுவரை நாலு தடவை திரும்பக் கட்டிவிட்டேன். தேசிமரத்துப் பக்கம் அவள் கட்டியபடியே இருக்கிறது.